பொண்டியில் வீடு… ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

"அக்கா, உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்."

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, பாரிசில் லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே, முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற என்னை மறித்து வதனி இதைச் சொன்னாள்.

சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை. பாலத்தின் மேல் மெத்ரோ வரும்வரை காத்திருந்தாள். அது தடதடவென்று வந்ததும் அந்தச் சத்தத்துக்குள் எதையோ முணுமுணுத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன?" என்றேன். மறுபடி முணுமுணுத்தாள். அதற்குள் எதிர்ப்பக்கத்து மெத்ரோவும் வந்துவிட்டது. கடைசியில் கத்த வேண்டியதாயிற்று.

"பொண்டியிலை வீடு பாக்கிறம்."

மரக்கறிக்கடை வாசலில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வதனி அவர்களைப் பார்த்து, "எங்களுக்கில்லை" என்றாள்.

இதுதான் எங்கள் ஆட்கள் வீடு வாங்கும் முறை. வெளியில் தெரிந்தால் நாவூறு, கண்ணூறு படும். கடன் கிடைக்காது, கையெழுத்து நடக்காது, நடந்தாலும் கூரை ஒழுகும். ஆகவே சாவி கைக்கு வந்து, பால் காய்ச்சும் நாளைக்குத்தான் சொந்தக்காரருக்கே தெரிய வேண்டும். அதுவரை எல்லோரும் எல்லோரிடமும் பொய் சொல்வோம்.

வதனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். இரண்டு அறை, இரண்டு பெண் பிள்ளைகள், லிஃப்ட் கிடையாது. கணவன் ரூபன் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரில் சமையல். இருபது வருடமாக அடுப்படியில் நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. போன வருடம் ஒரு காலில் ஆபரேஷன் செய்தார்கள். மற்றதும் செய்ய வேண்டுமாம். அதற்குப் பிறகு ஐந்து மாடி ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்தக் குடும்பத்துக்கு வீடு என்பது ஆசை இல்லை. முழங்கால்.

எனக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. பகல் முழுக்கப் பிரெஞ்சில் மல்லுக்கட்டுகிறேன். அதனால் பாப்பியே என்று ஏதாவது கடிதம், பத்திரம் வந்தால் எங்கள் ஆட்கள் என்னைத்தான் தேடுவார்கள். வதனியின் மூத்த மகளுக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு வருமே என்று கேட்டேன்.

"பிள்ளையளுக்குச் சொல்லேல்லை அக்கா. தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை வாய் தவறிச் சொல்லிப்போடுவினம்."

சொந்தப் பிள்ளைக்கே தெரியாமல் வீடு! சரி, அவர்களோடு வீடு பார்க்கப் போனேன்.

பாரிசுக்கு வெளியே இருக்கும் பொண்டி என்றதும் உங்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள். "தொண்ணூற்று மூன்றோ?" என்று மாவட்ட இலக்கத்தைச் சொல்லியே ஊரைத் தள்ளி வைப்பது பாரிஸ்காரர் பழக்கம். அதை நாங்களும் நன்றாகப் பழகிவிட்டோம். எலி ஓடும் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டு, பொண்டி சரியில்லை என்று கதைக்கிறோம். என்ன துணிச்சல்?

வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ஸ் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் என்ன இருக்கும்? அமைதியான தெரு, நடக்கும் தூரத்தில் பாடசாலை, வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டலாம். எங்கள் ஆட்கள் வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டவா வீடு வாங்குகிறார்கள்? வதனி கேட்கச் சொன்ன கேள்விகள் வேறு. குசினிக்குப் பின்கதவு இருக்கிறதா? கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரன் முறைப்பாடு செய்வானா? பிறந்தநாளுக்கு முப்பது பேர் வந்தால் காரை எங்கே விடுவது? சனிக்கிழமை மஜெந்தா நிலையத்தில் இறங்கி லா சப்பலுக்கு நடக்க எவ்வளவு நேரம்?

இப்படி ஒரு விளம்பரத்தை யாராவது எழுதினால் எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. பழைய சின்ன வீடு. வாசலில் மூன்று படி, படுக்கையறைகள் மாடியில். பின்னால் இரண்டு கட்டில் அளவுக்கு ஒரு தோட்டம். வயதான பிரெஞ்சுப் பெண் ஒருத்தி, மகளோடு போய் இருக்கப்போகிறாள் என்று விற்கிறாள். குசினிச் சுவரில் பச்சை ஓடு பதித்திருந்தாள்.

வதனி ஃபோனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வாசலில் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏஜென்ஸ்காரன் — கூர்ச் சப்பாத்துப் போட்ட பொடியன் — மேடம் வெயில் பார்க்கிறா என்று நினைத்து, மத்தியானத்துக்குப் பிறகு வரவேற்பறையில் நல்ல வெளிச்சம் வரும் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. வாசல் கிழக்குக்குக் கொஞ்சம் விலகி இருந்தது. "சமாளிக்கலாம்" என்றாள் வதனி.

ரூபன் இவை எதையும் பார்க்கவில்லை. குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வீட்டுக்காரி துணி அயன் பண்ணும் அறை. அதற்குள் போய் நின்றான். யன்னலைத் திறந்தான், மூடினான். கதவைச் சாத்திப் பார்த்தான். திரும்பி வரும்போது ரயிலில்தான் வாயைத் திறந்தான்.

"படி ஏறாமல் படுக்கலாம், அக்கா."

அன்றைக்கே மெயில் எழுதினேன். கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்து. இரண்டு நாளில் ஏஜென்ஸ்காரன் ஃபோன் செய்தான். இன்னொரு குடும்பம் மிக ஆர்வமாக இருக்கிறதாம். உங்களைவிடக் கூடக் கொடுக்கிறதாம். ஏற்றினோம். மூன்று நாள் கழித்து மறுபடி ஃபோன். மற்றக் குடும்பமும் ஏற்றிவிட்டதாம். மறுபடி ஏற்றினோம்.

"ஆர் அக்கா அந்தச் சனியன்கள்?" என்றாள் வதனி. "வேறை வீடே இல்லையாமோ அவைக்கு?"

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். ரூபன் இப்போது மூன்றாம் மாடியில் நின்றுவிடுகிறானாம். படியில் உட்கார்ந்து, யாராவது வந்தால் ஃபோனில் மெசேஜ் பார்ப்பதுபோல இருப்பானாம். "என்னைக் கண்டாலும் அப்பிடித்தான் அக்கா. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறார்."

இந்த நிலையில்தான் அடுத்த கிழமை கேதீஸ் என்னைக் கடைக்கு வரச்சொன்னான். ரூபனின் சித்தப்பா மகன். லா சப்பலில் ஃபோன் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும், கண்ணாடி மாற்ற வந்து நின்ற ஒரு வாடிக்கையாளரை "நாளைக்கு வாங்கோ" என்று வெளியே அனுப்பினான். கதவைச் சாத்தினான்.

"அக்கா, உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்."

பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு வீட்டுக்கு விலை போட்டிருக்கிறன். இவ்வளவு நாளும் என்ரை பிரெஞ்சிலைதான் ஓட்டினனான். இனி ஒரு நல்ல கடிதமா எழுதிக் குடுத்தா வீட்டுக்காரிக்கு மனம் இளகும் எண்டு நினைக்கிறன். மற்றப் பக்கத்திலை ஆரோ ஒருத்தன் விடுறான் இல்லை."

ஃபோனில் படத்தைக் காட்டினான். பச்சை ஓடு பதித்த குசினி. அடுத்த படத்தில் அந்தச் சின்ன அறை, நடுவில் அயன் பலகை. வதனியோடு போன அன்றைக்கு அந்தப் பலகையில்தான் நான் கை ஊன்றி நின்றேன்.

"ரூபனுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"ஐயோ, அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அந்த மனுசன் ஐஞ்சாம் மாடியிலை கிடக்குது. நான் வீடு வாங்கிறன் எண்டா மனம் நோகும்."

என்ன செய்வீர்கள்? இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு நாளும் ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். காசு பத்தாமல் திண்டாடுகிறவர்கள். ஆளையாள் தெரியாமல் ஒருவருக்கு மேல் ஒருவர் ஏலம் போட்டு விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் கடிதம் எழுத வேண்டும்.

வாக்காவது மண்ணாங்கட்டியாவது.

"கடையைப் பூட்டு" என்றேன்.

"ஏன் அக்கா?"

"பூட்டடா."

பிலிப்-து-ஜிரார் அங்கிருந்து இரண்டு நிமிடம். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானச் சமையல் முடிந்து, இரவுச் சமையலுக்கு முன் ரூபனுக்கு வீட்டுக்கு வந்துபோக நேரம் உண்டு என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் இருந்தான். பக்கத்தில் ஒரு பை. ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் கையை எடுத்தான்.

"என்ன அண்ணை, படியிலை இருக்கிறியள்?" என்றான் கேதீஸ்.

"மெசேஜ் ஒண்டு பாக்கிறன்."

கையில் ஃபோன் இல்லை.

கேதீஸ் அவன் கையையும் பார்த்தான், முழங்காலையும் பார்த்தான். அப்போது நான் சொன்னேன். "தம்பியவை, ரெண்டு பேரும் ஒரே வீட்டைத்தான் கேக்கிறியள்."

மேலே எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"நீயோடா அந்த மற்றக் குடும்பம்?" என்றான் ரூபன்.

"நீங்களோ?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?"

"சாவி கிடைச்சாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"நானும் அப்பிடித்தான்."

"உன்ரை கடையிலை ஒரு சொல்லு விட்டா லா சப்பல் முழுக்கத் தெரியும்."

"உங்கடை ரெஸ்ரோறன்ரிலை என்ன, ஊமையளோ வேலை செய்யினம்?"

நான் இடையில் புகவில்லை. புகுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடிப்பார்கள். அனுபவம். கேதீஸ்தான் முதலில் தணிந்தான். கடைசியாக எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டான். ரூபன் சொன்னான். கேதீஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"அதுக்கு மேலை போடத்தான் இப்ப அக்காவைக் கூப்பிட்டனான்."

பிறகு, "அந்தக் கீழ் அறை பாத்தனீங்கள்தானே?" என்றான்.

"ஓம்."

"நான் அதுக்குள்ளை ஃபோன் கவர் பெட்டியளை அடுக்கலாம் எண்டு நினைச்சனான்."

"நான் கட்டில் போடலாம் எண்டு."

கேதீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "நான் விலகுறன், அண்ணை" என்றான்.

இதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களைத் தெரியாதா உங்களுக்கு? "சீச்சீ, நீ எடு" என்றான் ரூபன். "உனக்குச் சின்னப் பிள்ளையள்." "இல்லை அண்ணை, நீங்கள்." "நான் இன்னும் கொஞ்சக்காலம் சமாளிப்பன்." "விசர்க்கதை கதையாதேங்கோ." பத்து நாளாக ஒருவன் கழுத்தில் ஒருவன் ஏறி நின்றவர்கள், இப்போது ஆளுக்காள் வீட்டைத் தள்ளிவிடுகிறார்கள். விட்டால் அந்த வீடு அநாதையாகிவிடும்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. வதனியின் தலை கைப்பிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு பேரும் மரியாதை காட்டி முடியிறதுக்குள்ளை அவன் வேறை ஆருக்கும் வித்திடுவான். கேதீஸ் தம்பி, விலகுறன் எண்டு மெயிலைப் போடுங்கோ. அக்கா, எழுதிக் குடுங்கோ. நான் தேத்தண்ணி ஊத்துறன்."

ஒரு வீட்டில் யாருக்காவது மூளை இருக்க வேண்டும்.

படியிலேயே இருந்து கேதீசின் ஃபோனில் நாலு வரி எழுதினேன். அனுப்பினோம். தேத்தண்ணி வந்து ஆறமுன்னம் ஏஜென்ஸ்காரன் கூப்பிட்டான். கேதீஸ் ஸ்பீக்கரில் போட்டான். ஏன் அவசரப்படுகிறீர்கள் என்று தொடங்கினான் பொடியன். மற்றக் குடும்பம் இப்போது கொஞ்சம் தயங்குகிறதாம். இந்த நேரத்தில் நீங்கள் ஒரு சின்ன எட்டு வைத்தால் வீடு உங்களுக்குத்தானாம்.

தயங்குகிற குடும்பம் எனக்குப் பக்கத்தில் இருந்து பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ்யூ, அந்த மற்றக் குடும்பம் என்ரை அண்ணன்" என்று கேதீஸ் பிரெஞ்சில் சொன்னான். "இஞ்சைதான் இருக்கிறார். கதைக்கப் போறியளோ?"

நாளைக்கு எடுக்கிறேன் என்று பொடியன் ஃபோனை வைத்துவிட்டான். ஏஜென்ஸ்காரர் எல்லோரும் இப்படியில்லை என்று ஒரு வசனம் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

ரூபன் கடைசியாகச் சொன்ன விலைக்கு வீட்டுக்காரி சம்மதித்தாள். முதல் சொன்ன விலையைவிட அது எவ்வளவு கூட என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், எனக்கே பத்திக்கொண்டு வரும். இரகசியத்துக்குக் கட்டிய அபராதம் அது.

போன வியாழக்கிழமை, வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். வரச்சொல்லிக் கொடுத்த ரொந்தேவு நேரம் ராகுகாலத்தில் விழுந்துவிட்டது. வதனி ஒரே பிடியாக நின்று அரை மணித்தியாலம் தள்ளி வைக்கச்சொன்னாள். நொத்தேரின் செயலாளரிடம் ராகுவை எப்படி விளங்கப்படுத்துவது? ரயில் தாமதம் என்றேன். இந்த ஊரில் எந்த நாளும் நம்பக்கூடிய காரணம் அது ஒன்றுதான்.

சாவி வர இன்னும் மூன்று மாதம். அதுவரை ஐந்து மாடிதான். ஆனால் மூன்றாம் மாடியில் உட்காரும்போது ரூபன் இப்போது ஒளிப்பதில்லையாம். யாராவது மேலே ஏறினால், "கொஞ்சம் இருந்திட்டுப் போறன். மூண்டு மாசத்திலை மூண்டே மூண்டு படிதான்" என்கிறானாம். மற்றக் காலுக்கு ஆபரேஷன் திகதி கேட்கச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு நாளும் அந்தப் பேச்சையே எடுக்கவிடாதவன்.

கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாரில் கோபம்? முதலில் என்னில். நான் இப்போது இருக்கும் சின்ன வீட்டை வாங்கியபோது என் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. நகைக்கடையில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு நாவூறு படவில்லை, தங்கைக்குத்தான் பட்டது.

யோசித்துப் பாருங்கள். பொண்டியில் எந்தத் தெரு நல்லது, எந்தப் பாடசாலையில் ரீச்சர் ஒழுங்காக வருகிறார், எந்த வங்கிக்காரன் எங்கள் சம்பளத் துண்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்கமாட்டான்… இது எல்லாம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் இருக்கும் அறிவு எந்த ஏஜென்ஸிலும் கிடையாது. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம். நாங்கள் வாயை மூட மூட, கூர்ச் சப்பாத்துப் பொடியன் விலையை ஏற்றுகிறான். எங்களுக்குக் கண் வைப்பவன் ஊரில் இல்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான்.

இதை எழுதப்போகிறேன் என்று வதனியிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா, பேரை மட்டும் மாத்துங்கோ" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேதீசின்ரை பேரை மாத்தத் தேவையில்லை" என்றாள்.

கேதீசுக்கும் வீடு வேண்டும்தானே. இந்தத் தடவை அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "நான் பொண்டியிலை வீடு பாக்கிறன். நாளைக்குப் பத்து மணிக்கு ஒண்டு பாக்கப் போறன். அந்தத் தெரு ஆருக்காவது தெரியுமோ?"

கடை அப்படியே நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒருவன் வேட்டியை அவிழ்த்துவிட்டதுபோல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கடைசியில் மூலையில் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தெருவிலை பள்ளப் பக்கம் எடாதையும். மழைக்கு நிலவறைக்குள்ளை தண்ணி வரும். மேட்டுப் பக்கம் எண்டா நல்லது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "நான் அங்கைதான் இருக்கிறன். எட்டு வருசமா."

எட்டு வருடம்! கிழமைக்கு இரண்டு தடவை இந்தக் கடைக்கு வந்துபோகிற மனிசன். அவர் லா சப்பலில் ஒரு அறையில் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன பிறகு இன்னொருவர் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு கூரை வேலைக்காரனைத் தெரியும். ஒரு பெண், வங்கியில் யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். அரை மணித்தியாலம் அந்தக் கடையில் ஒருவரும் ஃபோன் வாங்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏஜென்ஸ்காரன் — இது வேறு ஏஜென்ஸ் — கேற்றைத் திறந்தான். கேதீஸ், ரூபன், வதனி, நிலவறை அண்ணை, அவருடைய மனைவி, நான். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, உங்களில் வாங்குகிறவர் யார் என்று கேட்டான்.

ஐந்து கைகள் ஒரே நேரத்தில் கேதீசைக் காட்டின.